மண்ணில்லாப் பயிரும் உணவின் சமநிலையும்

செடி வளர மண் இன்றியமையாதது என்று எண்ணுகிறோம். ஆயின் வேர் மண்ணை உண்பதில்லை. மண்ணின் ஈரத்தில் கரைந்துள்ள உப்புக்களையே உறிஞ்சுகிறது. 1860ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் சாக்ஸ், க்னோப் என்னும் அறிஞர் இருவர், சில உப்புக்கள் கரைந்த நீரிலேயே செடிகளை வளர்த்து இதனை மெய்ப்பித்தனர்.

அந்த உப்புக்களை எவ்வளவு சேர்ப்பது? ஹோக்லண்ட், ஆர்னன் ஆகியோர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து 1938இல் வெளியிட்ட கரைசல் முறை இன்றும் ஆய்வுக்கூடங்களில் வழங்கி வருகிறது. அக்கரைசலின் ஒரு லிட்டரில் நைட்ரஜன் ஏறத்தாழ 210 மில்லிகிராம், பொட்டாசியம் 235, கால்சியம் 200. மாலிப்டினமோ 0.01 மில்லிகிராம் அளவே. சிறிதென்று அதனை விட்டுவிட்டால், உறிஞ்சிய நைட்ரேட்டைச் செடி தன் உடற்பொருளாக மாற்ற இயலாமல் வாடும்.

எல்லாச் சத்தும் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. பொட்டாசியம் மிகுந்தால், கால்சியமும் மக்னீசியமும் வேரினுள் புகுவது தடைப்படும். கரைசலில் கால்சியம் இருந்தும் அது காயை எட்டாமையால், தக்காளியின் அடிப்புறம் கறுத்து அழுகும். அடர்ந்த கரைசல்களாகக் கலக்கும்போது கால்சியம் நைட்ரேட்டைச் சல்பேட், பாஸ்பேட் உப்புக்களோடு ஒரே தொட்டியில் இட்டாலும் இழப்புத்தான். அவை கூடிக் கரையாத வண்டலாய்ப் படிந்துவிடும். ஆதலின் அவற்றைத் தனித்தனியே கரைத்து வைத்து, மிகுந்த நீரில்தான் ஒன்று சேர்ப்பர்.

இனி அமில நிலையைக் காண்போம். அதன் அளவெண் 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருத்தல் நலம். செடி நைட்ரேட்டை உறிஞ்ச உறிஞ்ச அவ்வெண் உயரும். அது 7ஐக் கடந்தால் இரும்பு துருப்போலப் படிந்து, வேருக்குக் கிட்டாது போகும். அப்போது இளந்தளிரின் நரம்புகள் பச்சையாயிருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். இந்நிலையில் மேலும் இரும்பைக் கொட்டுவது வீண். அமில நிலையைச் சீர்செய்தலே மருந்து.

மண்ணிலுள்ள களியும் மக்கும் சத்துக்களைப் பிடித்து வைத்து, வேண்டும்போது சிறிது சிறிதாக விடுகின்றன. நமது பிழைகளையும் ஓரளவு பொறுத்துக்கொள்கின்றன. நீருக்கு அந்தப் பொறுமை இல்லை. சில நாட் கவனக்குறைவே பயிர் முழுவதையும் அழிக்கக்கூடும். ஆகவே, மாணவ நண்பர்களே, இலை வெளுத்தால் உரத்தைக் கூட்டுமுன் கரைசலை அளந்து பாருங்கள். குறைவது சத்தாக இராது, சமநிலையாக இருக்கலாம்.