சோற்றைக் குறைக்கும்போது உடலுக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுவது எப்படி?

நீரிழிவு நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்குமான விளக்கம்

நீரிழிவு நோய் இருப்பது தெரியவந்தவுடன் காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் பலர் முதலில் செய்வது சோற்றையும் இட்லியையும் குறைப்பதுதான். இது சரியான தொடக்கமே. ஆனால் குறைத்த உணவுக்கு ஈடாக வேறு உணவு சேர்க்கப்படாவிட்டால், சில நாட்களிலேயே சோர்வும் தலைசுற்றலும் தொடங்கலாம். மாதங்கள் செல்லச் செல்லத் தசைகள் மெலியலாம். இரத்தச் சர்க்கரை அளவு குறைந்திருப்பதைப் பார்த்து மகிழும் குடும்பத்தினர், நோயாளியின் தெம்பும் குறைந்துவருவதைக் கவனிக்கத் தவறுவதுண்டு.

மாவுச்சத்தைக் குறைப்பது வேறு, பட்டினி இருப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிந்து, குறைத்த ஆற்றலை வேறு உணவுகளிலிருந்து பாதுகாப்பாகப் பெறும் வழியை இப்பக்கம் விளக்குகிறது.

ஆற்றல் எங்கிருந்து கிடைக்கிறது?

உணவிலிருந்து நமக்குக் கிடைக்கும் ஆற்றல் கலோரி என்னும் அலகால் அளக்கப்படுகிறது. 1 கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கலோரியும், 1 கிராம் புரதச்சத்து 4 கலோரியும், 1 கிராம் கொழுப்புச்சத்து 9 கலோரியும் தருகின்றன. அரிசி, கோதுமை, கேழ்வரகு, கிழங்குகள், சர்க்கரை, வெல்லம் ஆகியவை மாவுச்சத்து மிகுந்தவை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, அதிக உடலுழைப்பு இல்லாத 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளில் சுமார் 2,110 கலோரியும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 1,660 கலோரியும் தேவை. உடலுழைப்பு கூடினால் தேவையும் கூடும். நாள்தோறும் வயல்வேலையோ கட்டட வேலையோ செய்பவருக்கும் வீட்டிலேயே இருக்கும் முதியவருக்கும் ஒரே அளவு உணவு பொருந்தாது.

சோறு குறைந்தால் சோர்வு ஏன் வருகிறது?

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, மொத்த ஆற்றல் குறைவது. நம் உணவில் பெரும்பங்கு ஆற்றல் அரிசியிலிருந்தே வருகிறது. அதைப் பாதியாக்கி, குழம்பையும் காய்கறியையும் பழைய அளவிலேயே வைத்திருந்தால் உடலுக்குக் கிடைக்கும் ஆற்றல் திடீரெனச் சரிகிறது. பற்றாக்குறையை உடல் கொழுப்பிலிருந்து மட்டுமன்றித் தசையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது, நீரும் உப்பும் வெளியேறுவது. கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கிளைகோஜன் என்ற வடிவில், நீருடன் சேர்த்துச் சேமித்து வைக்கின்றன. மாவுச்சத்து குறைந்தவுடன் இச்சேமிப்பு கரைகிறது. அதனுடன் இருந்த நீரும் சிறுநீராக வெளியேறுகிறது. முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி நீரே. அந்நாட்களில் தலைவலி, தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவை ஏற்படலாம். போதிய நீரும் மோரும் ரசமும் அருந்துவது இதற்குத் துணைசெய்யும். இரத்த அழுத்தம், இதயம் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் நீர், உப்பு ஆகியவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டறிந்து பின்பற்ற வேண்டும்.

மூன்றாவது, மருந்தின் அளவு மாறாமல் இருப்பது. பழைய உணவுக்கேற்பத் தரப்பட்ட மாத்திரையும் இன்சுலினும், குறைந்த உணவுக்கு மிகையாகிவிடுகின்றன. அப்போது வருவது வெறும் சோர்வன்று. தாழ் சர்க்கரை நிலை. இது ஆபத்தானது.

சர்க்கரை அளவு குறைவது மட்டுமே சிகிச்சையின் வெற்றி ஆகாது என்பதை மருத்துவ வரலாறும் காட்டுகிறது. இன்சுலின் கண்டறியப்படுவதற்கு முன்பு, 1910களில், அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஆலன் நீரிழிவு நோயாளிகளுக்கு மிகக் குறைந்த உணவையே அளித்தார். சிறுநீரில் சர்க்கரை குறைந்தது. ஆனால் நோயாளிகள் எலும்பும் தோலுமாக மெலிந்தனர். அன்று வேறு வழி இருக்கவில்லை. 1921இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டு, 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. இன்று மருந்துகள் உள்ளன. எனவே சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதற்காக உடலை மெலியவிட வேண்டிய தேவை இல்லை.

எவ்வளவு குறைத்தால் போதும்?

சோற்றை முற்றிலும் விட வேண்டியதில்லை. ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வின் ஒரு பகுதியாக 18,090 பேரின் உணவுத் தரவுகள் பகுப்பாய்வு செய்யப்பட்டு, முடிவுகள் 2022இல் வெளியாயின. புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டோர் நோய்த் தணிவு பெறுவதற்கு, மொத்த ஆற்றலில் மாவுச்சத்து 49 முதல் 54 விழுக்காடும், புரதம் 19 முதல் 20 விழுக்காடும், கொழுப்பு 21 முதல் 26 விழுக்காடும் இருப்பது உகந்தது என அந்தக் கணக்கீடு காட்டியது. அதாவது, மாவுச்சத்தைப் பாதியளவுக்குக் கொண்டுவந்து, அந்த இடத்தில் புரதத்தை உயர்த்துவதே அதன் சாரம்.

நாளொன்றுக்கு 1,660 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அதில் பாதி என்பது 830 கலோரி. அதாவது ஏறத்தாழ 200 கிராம் மாவுச்சத்து. இதற்குள் அளவான சோறும் இட்லியும் அடங்கும். நாளொன்றுக்கு 50 கிராமுக்கும் குறைவாக மாவுச்சத்தைக் குறைக்கும் கடுமையான உணவுமுறைகளை மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பின்றி மேற்கொள்ளக் கூடாது.

ஈடுசெய்யும் கணக்கு: ஓர் எடுத்துக்காட்டு

காலையில் 4 இட்லி, நண்பகலில் 300 கிராம் சோறு, இரவில் 4 இட்லி உண்டுவந்த ஒருவர், காலையிலும் இரவிலும் 2 இட்லியாகவும், நண்பகலில் 150 கிராம் சோறாகவும் குறைக்கிறார் எனக் கொள்வோம். நடுத்தர அளவுள்ள ஓர் இட்லி சுமார் 60 கலோரியும், 100 கிராம் சோறு சுமார் 130 கலோரியும் தருகின்றன.

குறைந்தவை:
• 4 இட்லி – சுமார் 240 கலோரி
• 150 கிராம் சோறு – சுமார் 195 கலோரி
• மொத்தம் – சுமார் 435 கலோரி

ஈடாகச் சேர்க்கத்தக்கவை:
• அவித்த முட்டை 2 – சுமார் 140 கலோரி, 12 கிராம் புரதம்
• வேர்க்கடலை 30 கிராம் (ஒரு கைப்பிடி) – சுமார் 170 கலோரி, 7 கிராம் புரதம்
• தயிர் 200 கிராம் – சுமார் 120 கலோரி, 6 கிராம் புரதம்
• மொத்தம் – சுமார் 430 கலோரி, 25 கிராம் புரதம்

ஆற்றல் ஏறத்தாழச் சமமாகிறது. மாவுச்சத்தோ சுமார் 90 கிராம் அளவுக்கு நீங்கி, அதில் சிறு பகுதியே திரும்ப வருகிறது. புரதமும் கூடுகிறது. உடல் எடையைக் குறைக்க வேண்டியவர்கள் முழுவதையும் ஈடுசெய்ய வேண்டியதில்லை; எவ்வளவு விட்டுவிடலாம் என்பதை மருத்துவரோ உணவியல் வல்லுநரோ கூறுவார். ஏற்கெனவே மெலிந்திருப்பவர்களும் முதியவர்களும் முழுமையாக ஈடுசெய்வது இன்றியமையாதது.

செட்டிநாட்டுச் சமையலில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

இதற்கெனத் தனிப் பொருள்களை வாங்க வேண்டியதில்லை. உங்கள் அடுக்களையில் உள்ளவையே போதும். தட்டில் அவற்றின் அளவை மாற்றுவதே தேவை.

கூட்டிக்கொள்ளத்தக்கவை: மீன் குழம்பில் உள்ள மீன், குறைந்த எண்ணெயில் சமைத்த கோழி, நண்டு, முட்டை. 100 கிராம் மீன் அல்லது கோழி இறைச்சியில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. முன்பு குழம்பு சோற்றுக்குத் துணையாக இருந்தது. இப்போது குழம்பில் உள்ள மீனும் காயும் முதன்மை உணவாகவும் சோறு துணையாகவும் அமைய வேண்டும்.

சைவ உணவு உண்போருக்கு: மொச்சை சேர்த்த மண்டி, தட்டைப்பயறுக் குழம்பு, கொண்டைக்கடலைச் சுண்டல், கெட்டியான பருப்பு, பனீர், சோயா, தயிர் ஆகியவை உதவும். பருப்பு, பயறு வகைகளில் புரதத்துடன் மாவுச்சத்தும் உண்டு. ஆகவே அவற்றைச் சோற்றுடன் மேலதிகமாக அன்றி, சோற்றின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கொள்ள வேண்டும்.

கொழுப்பு: கடலை எண்ணெய், நல்லெண்ணெய், வேர்க்கடலை, எள் ஆகியவை சிறிய அளவிலேயே மிகுந்த ஆற்றல் தருபவை. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 45 கலோரி உண்டு. தேங்காயும் ஆற்றல் தரும். ஆனால் அதில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. இதய நோய் அல்லது மிகை கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் தேங்காயையும் நெய்யையும் அளவோடு கொள்ள வேண்டும். ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

காய்கறி: அவரை, வெண்டை, கத்தரி, சுரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, கீரை ஆகியவை நார்ச்சத்து தந்து வயிற்றை நிறைக்கும். ஆனால் அவற்றில் ஆற்றல் மிகக் குறைவு. காய்கறியால் மட்டும் வயிற்றை நிரப்புவோருக்குப் பசி அடங்கினாலும் தெம்பு கிடைக்காது.

கவனம் தேவைப்படுபவை: வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், அதிரசம், சீடை ஆகியவை மாவும் எண்ணெயும் சேர்ந்தவை. கவுனி அரிசியில் நார்ச்சத்து உண்டெனினும், சர்க்கரையும் நெய்யும் சேர்த்து இனிப்பாகச் செய்யும்போது அது மாவுச்சத்து மிகுந்த உணவே. கும்மாயம் உளுந்தால் ஆனதெனினும் அதில் வெல்லம் மிகுதி. உப்புக்கண்டம், கருவாடு ஆகியவற்றில் புரதம் இருப்பினும் உப்பு மிகுதி என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

மருந்து உட்கொள்வோர் முதலில் செய்ய வேண்டியது

உணவை மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மாற்றிய பின்னர்த் தெரிவிப்பது போதாது.

• இன்சுலின், கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு ஆகியவற்றை எடுத்துக்கொள்வோருக்குத் தாழ் சர்க்கரை நிலை ஏற்படும் வாய்ப்பு மிகுதி. இவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.
• டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்வோர் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், இரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் பெருகும் ஆபத்து உண்டு. இரத்தச் சர்க்கரை மிக உயராத நிலையிலும் இது நிகழக்கூடும்.
• இரத்த அழுத்த மாத்திரைகளையும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளையும் மறுஆய்வு செய்ய வேண்டியிருக்கலாம்.
• எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

2021 ஆகஸ்ட் 5 முதல் செயல்பட்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் உங்கள் வீட்டுக்கே மாத்திரைகள் வருகின்றன எனில், வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் உணவை மாற்ற விரும்புவதைக் கூறுங்கள். மருத்துவரைப் பார்க்காமலேயே மாதக்கணக்கில் பழைய அளவு மருந்து தொடர்வதை இது தடுக்கும்.

தாமாக இம்முறையைத் தொடங்கக் கூடாதவர்கள்

• கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்
• குழந்தைகள், வளரிளம் பருவத்தினர்
• முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள்
• சிறுநீரக அல்லது கல்லீரல் நோய் உள்ளவர்கள் (புரதத்தின் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்)
• கணையக் கற்களால் நீரிழிவு ஏற்பட்டவர்கள் (இவர்களுக்குக் கொழுப்பு எளிதில் செரிக்காது)
• எடை குறைவாக உள்ளவர்கள், தளர்ந்த முதியவர்கள்

கந்தசஷ்டி விரதம், ரமலான் நோன்பு ஆகியவற்றை மேற்கொள்ள விரும்புவோரும் முன்கூட்டியே மருத்துவ ஆலோசனை பெற வேண்டும்.

பராமரிப்போர் கவனிக்க வேண்டியவை

• வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், எடையைக் குறித்து வையுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்குப் பின்னரும் எடை தொடர்ந்து விரைவாகக் குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.
• தரையிலிருந்து எழவும் படியேறவும் முன்னைவிடச் சிரமப்படுகிறாரா எனப் பாருங்கள். இது தசை மெலிவின் அறிகுறியாக இருக்கலாம்.
• சோற்றை ஒதுக்கிய முதியவர் அதற்கு ஈடான உணவை உண்மையில் உண்கிறாரா என்பதை உறுதிசெய்யுங்கள். பல் இல்லாதவர்களுக்கு வேர்க்கடலையை அரைத்துத் துவையலாகவும், முட்டையையும் மீனையும் மென்மையாகச் சமைத்தும் கொடுக்கலாம்.

தாழ் சர்க்கரை நிலையில் உடனடியாகச் செய்ய வேண்டியது

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பமான பேச்சு ஆகியவை தாழ் சர்க்கரையின் அறிகுறிகள். கருவியில் 70 மி.கி.க்குக் குறைவாகக் காட்டினாலோ, கருவி இல்லாதபோது இவ்வறிகுறிகள் தென்பட்டாலோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை கொடுப்பதா எனத் தயங்க வேண்டாம். 15 நிமிடத்தில் சீராகாவிட்டால் மீண்டும் ஒருமுறை கொடுங்கள். சீரானதும் இட்லி அல்லது சோறு சிறிதளவு உண்ணச் செய்யுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது. 108 எண்ணை அழையுங்கள்.

எப்போது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

தொடர் வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மூச்சில் பழ வாடை, மயக்கம் ஆகியவை கீட்டோன் அமிலப் பெருக்கத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். தாமதிக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்ற ஐயங்களுக்கு 104 சுகாதார உதவி எண்ணை அழைக்கலாம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் அணுகலாம். செல்லும்போது மாத்திரை அட்டைகளையும், கடந்த மூன்று நாட்களில் உண்ட உணவின் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் அளவையும் உணவின் அளவையும் ஒன்றாக வைத்து முடிவு செய்ய அது மருத்துவருக்கு உதவும்.