வினாத்தாளில் தொலைந்த இரண்டு கேள்விகள்

ஏழாம் வகுப்பு அறிவியல் மாதத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி இரண்டு கேள்விகளுக்கு விடையே எழுதவில்லை. அழைத்துக் கேட்டேன். “அது இங்கிலீஷ் கேள்வி சார். எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு விட்டுட்டேன்” என்றாள்.

வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். பழைய வினாத் தொகுப்பிலிருந்து நான் எடுத்து ஒட்டிய இரண்டு தமிழ்க் கேள்விகள், பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக அச்சாகியிருந்தன. பூவின் பாகங்கள் படமும் மங்கிக் கிடந்தது. என் கணினியில் சரியாக இருந்த தாள் அச்சுக் கடையில் ஏன் மாறியது? தேடிப் படித்து அறிந்ததைப் பகிர்கிறேன்.

நம் கண்ணுக்கு ஒரு பக்கம் என்பது ஒன்றுதான். அச்சிடும் கருவிக்கோ அது பல வகைப் பொருள்களின் தொகுப்பு. பெருமளவு அச்சுப் பணிகளுக்காக ஐ.பி.எம். நிறுவனம் 1980களில் உருவாக்கிய அச்சுத் தரவு அமைப்பில் எழுத்து, கோட்டுப்படம், நிழற்படம், பார்கோடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. 1993இல் வெளிவந்த பி.டி.எஃப். முறையிலும் எழுத்து, கோடு, நிழற்படம் ஆகியவை வெவ்வேறாகவே கையாளப்படுகின்றன.

எழுத்து: கோப்பில் இருப்பது எழுத்தின் வடிவம் அன்று, அதன் குறியெண்ணும் எழுத்துருவின் பெயரும்தான். பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினி, எண்ணுக்குரிய ஆங்கில எழுத்தையே காட்டும். யூனிகோடில் தமிழுக்குத் தனி எண்கள் இருப்பதால் இந்தக் குழப்பம் நேராது.

கோட்டுப்படம்: “இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளி வரை கோடு” என்னும் கட்டளைகளாகச் செல்லும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது.

நிழற்படம்: புள்ளிகளின் தொகுப்பு. 600 புள்ளி அகலமுள்ள படத்தை 2 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 300 புள்ளிகள், தெளிவாக இருக்கும். அதையே 6 அங்குலமாக இழுத்தால் 100 புள்ளிகள்தான். என் பூப்படம் மங்கியது இப்படித்தான்.

பார்கோடு: ஐ.பி.எம். முறையில் எண்ணையும் குறியீட்டு வகையையும் அனுப்பினால் போதும். பட்டைகளை அச்சுப்பொறியே வரைந்துகொள்ளும்.

இப்போது நான் நான்கு செயல்களைத் தவறாமல் செய்கிறேன். கேள்விகளை யூனிகோடில் தட்டுகிறேன். எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே சேர்த்து பி.டி.எஃப். ஆக்கிக் கடைக்குக் கொடுக்கிறேன். படத்தை இழுத்துப் பெரிதாக்காமல், பாகங்களின் குறிகளைத் தனியே தட்டுகிறேன். முதலில் ஒரே ஒரு படி அச்சிட்டு, முழுவதும் படித்த பிறகே மற்றவற்றை அச்சிடச் சொல்கிறேன்.

அந்த இரண்டு கேள்விகளையும் வகுப்பில் எல்லாருக்கும் மறுபடி கொடுத்தேன். அவள் இரண்டுக்குமே சரியாக விடை எழுதினாள். தவறு அவளுடையது இல்லை, என்னுடையது என்பதையும் வகுப்பின் முன் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், தனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்றே அவள் எண்ணியிருப்பாள்.