முதியோரும் அறுவை மருத்துவமும்

இளைஞன் ஒருவன் மரத்தினின்று வீழ்ந்து காலை முறித்துக்கொண்டால், எலும்பைப் பொருத்தியதும் பெரும்பாலும் குறை தீர்ந்துவிடும். எண்பது வயது மூதாட்டி ஒருவர் தம் வீட்டினுள்ளேயே இடறி வீழ்ந்து தொடையெலும்பின் கழுத்தை முறித்துக்கொண்டாலோ செய்தி அத்துணை எளிதன்று. அவர் ஏன் வீழ்ந்தார்? கண் மங்கியதா? தலை சுற்றியதா? இரத்த அழுத்தத்திற்கென உண்ட மருந்தே அவரைத் தள்ளாடச் செய்ததா? இவற்றை ஆராயாது எலும்பை மட்டும் பொருத்தி அனுப்பினால் அவர் மீண்டும் வீழ்தல் கூடும்.

நாள் கடத்துதலும் தீங்கே. படுக்கையில் கிடக்கக் கிடக்கத் தசை மெலியும், நுரையீரலில் சளி கட்டும், படுக்கைப்புண் தோன்றும். அறுவைக்குப்பின் சிலர் நாளும் இடமும் அறியாது பிதற்றுவர். பெற்ற மகனையே யாரென வினவுவர். இது முதுமையின் இயல்பென்று வாளா இருத்தல் தவறு. நோவோ, நீர்க்குறைவோ, மலச்சிக்கலோ, ஒவ்வாத மருந்தோ அதற்குக் காரணமாகலாம். கத்தி பிடிக்கும் கை எவ்வளவு தேர்ந்ததாயினும் இவை அனைத்தையும் ஒருவரே கவனித்தல் இயலுமா?

இயலாது என்பதை இங்கிலாந்தில் இருவர் நன்குணர்ந்தனர். அந்நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸ் நகரில் முதியோர் மிகுதி. 1950-களின் பிற்பகுதியில் அங்கே மைக்கேல் டேவாஸ் என்னும் எலும்பு அறுவை மருத்துவரும், இர்வின் என்னும் முதியோர் மருத்துவரும் கூடிப் பணியாற்றத் தொடங்கினர். நோயாளியின் நிலை கெட்டபின் மற்றொரு மருத்துவரை அழைத்துக் கருத்துக் கேட்பதே பிறவிடங்களில் வழக்கம். இவர்களோ நோயாளிக்கு இருவருமே பொறுப்பென்று கொண்டு, சேர்ந்தே சென்று பார்த்தனர்.

இம்முறையில் முறிவைச் சீர்செய்வது அறுவை மருத்துவர் கடன். மயக்கமருந்து கொடுப்பவர், உடல் முழுவதையும் உணர்விழக்கச் செய்வதா, இடுப்புக்குக் கீழ் மட்டும் மரத்துப்போகச் செய்வதா என ஆய்வார். உடனே திருத்தவேண்டிய கோளாறு எது, அறுவைக்குப்பின் பார்த்துக்கொள்ளத் தக்கது எது எனப் பிரித்தறிவது முதியோர் மருத்துவர் திறம். இரவில் நோயாளி குழம்புவதை முதலில் காண்பவர் பெரும்பாலும் செவிலியே.

எனினும், பலர் பொறுப்பு சில வேளை எவருக்கும் இல்லாப் பொறுப்பாகிவிடும். குருதி உறையாதிருக்க உண்ணும் மாத்திரையை அறுவைக்காக நிறுத்துகின்றனர். அதனை மீண்டும் தொடங்குபவர் யார்? அவர் தொடங்குவார் என இவரும், இவர் தொடங்குவார் என அவரும் இருந்துவிட்டால் நோயாளியின் உயிருக்கே இடர் நேரும். ஆகவே எச்செயல் எவருடையது என்பதை முன்னரே எழுதிவைத்தல் வேண்டும்.

இங்கிலாந்து அரசு 2010-ஆம் ஆண்டில் இம்முறைக்கு ஊக்கமளித்தது. இடுப்பு முறிவுற்ற முதியோர்க்கு 36 மணிநேரத்திற்குள் அறுவை நிகழ வேண்டியிருந்தது. 72 மணிநேரத்திற்குள் முதியோர் மருத்துவர் வந்து பார்க்க வேண்டியிருந்தது. இவை முதலான விதிகள் நிறைவேறினாலன்றி மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை இல்லை என்பது அன்றைய ஏற்பாடு.

முதியோர் மருத்துவர் வினவுவனவற்றுள் ஒன்று, “வீழ்வதற்கு முன் எவ்வளவு தொலைவு நடந்தீர்கள்?” என்பது. கடைத்தெரு வரை என்பார் ஒருவர். கட்டிலிலிருந்து நாற்காலி வரை என்பார் மற்றொருவர். அவ்விடையை மனத்திற்கொண்டே, அறுவைக்கு மறுநாள் உடற்பயிற்சி வல்லுநர் அவரைக் கைப்பிடித்து எழுப்புகின்றார்.