திறமை சரி, வயசு இடிக்குதே!

அறிவியல் புனைகதை நாயகி விமானம் ஓட்டுவாள், கணக்குப் போடுவாள், ரேடியோவிலும் கில்லாடி. நம்பலாமா?

கல்பனா சாவ்லாவைப் பாருங்க. 1982-ல் சண்டிகரில் விமானப் பொறியியல் பட்டம். 1988-ல் அமெரிக்காவில் முனைவர் பட்டம். விமானம், கடல்விமானம், கிளைடர் மூன்றுக்கும் லைசென்ஸ். ஹாம் ரேடியோ உரிமம் வேற. ஆக, எண்ணிக்கையில் சிக்கல் இல்லை. ஆனா அவர் விண்வெளிக்குப் போனது 1997-ல். நடுவுல இருக்கிற 15 வருஷத்தை முழுங்கிட்டு, 22 வயசுலேயே எல்லாம் தெரியும்னு எழுதினாத்தான் இடிக்குது.

தனியாளா ராக்கெட் எஞ்சின் செய்றதும் அப்படித்தான். எங்க திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில இஸ்ரோ விகாஸ் எஞ்சினைச் சோதிக்குது. எரிபொருளுக்கு ஒரு குழு, அளவுக்கருவிகளுக்கு ஒரு குழு. ஒருத்தரால ஆகிற காரியமா அது?

சுஜாதா விவரமானவர். ‘என் இனிய இயந்திரா’வில் நிலாவைச் சாதாரணப் பெண்ணாகவே விட்டுட்டு, சாமர்த்தியத்தையெல்லாம் ஜீனோங்கிற இயந்திர நாய்க்குக் கொடுத்துட்டார்.