வைரஸ் நோய்களும் கடையில் வாங்கும் தடுப்பு மருந்துகளும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது, ஊர்தோறும் சளியும் இருமலும் காய்ச்சலும் உடன் வருவது நாம் யாவரும் அறிந்ததே. நெசவாளர் வீட்டில் ஒருவர் படுத்தால் தறி நிற்கிறது. தறி நின்றால் அவ்வாரத்துக் கூலி நிற்கிறது. உழவர் வீட்டிலோ, நடவும் களையெடுப்பும் காய்ச்சலுக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே, நோய் வருமுன் தடுத்துவிட வேண்டும் என்னும் எண்ணம் மிகவும் நியாயமானதே. அவ்வெண்ணத்தைக் கொண்டே, டாக்டர் சீட்டின்றி மருந்துக் கடைகளில் கிடைக்கும் மாத்திரைகளையும் பொடிகளையும் கஷாயங்களையும் நம் குடும்பங்கள் வாங்கி வருகின்றன. 2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது இவ்வழக்கம் பன்மடங்கு பெருகிற்று. இவற்றுள் பயன் தருவன எவை, வீண் செலவு எவை, தீங்கு செய்வன எவை என்று ஆராய்ந்து அறிவது கூட்டுறவாளர்களாகிய நமக்குக் கடமையாகும்.

வைரஸ் என்பது யாது?

நோய்க் கிருமிகளுள் பாக்டீரியா ஒருவகை. வைரஸ் மற்றொரு வகை. பாக்டீரியா தனித்து வாழவும் பெருகவும் வல்லது. வைரஸுக்கு அத்திறன் இல்லை. அது நம் உடலின் உயிரணுக்களுக்குள் புகுந்து, அவற்றைக் கருவியாகக் கொண்டே தன்னைப் பெருக்கிக் கொள்கிறது. சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ்கள் மட்டுமே 200-க்கு மேற்பட்டவை. இன்ஃப்ளூயன்சா, டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு வைரஸால் வருவது. எனவே, இவை யாவற்றையும் தடுக்கும் ஒரே மாத்திரை என்று விளம்பரம் செய்யப்படுமானால், அவ்விடத்திலேயே நாம் ஐயம் கொள்ளுதல் தகும்.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. ஜலதோஷம் பெரும்பாலோர்க்கு 7 முதல் 10 நாட்களுக்குள் தானாகவே நீங்கிவிடும். உடலின் எதிர்ப்பாற்றலே அதனை நீக்குகிறது. மூன்றாம் நாள் ஒருவர் மாத்திரை உண்ணத் தொடங்கி, ஏழாம் நாள் நலமடைந்தால், பெருமை மாத்திரைக்குச் சேர்ந்துவிடுகிறது. மாத்திரை உண்ணாத அண்டை வீட்டாரும் அதே ஏழாம் நாள் எழுந்து தறியில் அமர்ந்ததை எவரும் கணக்கில் கொள்வதில்லை.

மெய்யறியும் முறை

புதிய உரம் ஒன்றின் பயனை உழவர் எவ்வாறு அறிகிறார்? ஒரே வயலை இரு பாதியாக்கி, ஒரே விதையும் ஒரே நீரும் கொடுத்து, ஒரு பாதிக்கு மட்டும் அவ்வுரத்தை இட்டுப் பார்க்கிறார். முழு வயலுக்கும் இட்டுவிட்டால், விளைச்சல் மிகுந்தது உரத்தாலா, நல்ல மழையாலா என்று சொல்ல இயலாது. மருந்துச் சோதனையும் இத்தகையதே. மக்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும், மறு பிரிவுக்கு அதைப் போன்றே தோன்றும் மருந்தற்ற மாத்திரையும் கொடுப்பர். எது எவருக்குச் சென்றது என்பதை உண்பவரும் கொடுப்பவரும் அறியார். இறுதியில் இரு பிரிவையும் ஒப்பிட்டுப் பார்ப்பர். இவ்வுரைகல்லில் தேய்த்தபோது, கடைச் சரக்குகள் எவ்வாறு நின்றன என்பதை இனிக் காண்போம்.

வைட்டமின் சி

சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரையே இவற்றுள் மிகுதியாக விற்பனையாவது. இதற்குப் பெரும் புகழைத் தேடித் தந்தவர் அமெரிக்க அறிஞர் லைனஸ் பாலிங். இரு முறை நோபெல் பரிசு பெற்ற அவர், வைட்டமின் சி-யை மிகுந்த அளவில் உண்டால் ஜலதோஷம் வராது என்று 1970-ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். பேரறிஞர் சொன்னதால் உலகம் நம்பிற்று. ஆனால் அதற்கு முன்பே, இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்கு அருகே இருந்த ஜலதோஷ ஆராய்ச்சி நிலையம் இதனைச் சோதித்திருந்தது. தொண்டர்களில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 3 கிராம் வைட்டமின் சி கொடுத்து, பின்னர் ஜலதோஷ வைரஸை மூக்கில் இட்டுப் பார்த்தனர். உண்டவர்க்கும் உண்ணாதவர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை என்பது 1967-இல் வெளியான அதன் முடிவு.

பின்னர் நடந்த சோதனைகள் பலவற்றையும் ஒன்றுதிரட்டி 2013-இல் ஆய்வு செய்தனர். 11,000-க்கு மேற்பட்டோர் பங்கு கொண்ட அச்சோதனைகள் உணர்த்துவன இவை: நாள்தோறும் வைட்டமின் சி உண்பதால் பொதுமக்களுக்கு ஜலதோஷம் வருவது குறையவில்லை. வந்த ஜலதோஷம் நீடிக்கும் காலம் பெரியவர்களிடத்தில் நூற்றுக்கு 8 பங்கும், குழந்தைகளிடத்தில் நூற்றுக்கு 14 பங்கும் குறைந்தது. நோய் கண்டபின் உண்ணத் தொடங்கியவர்க்கு நிலையான பயன் ஏதும் தென்படவில்லை. நெடுந்தொலைவு ஓடும் வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி பெறும் போர்வீரர்கள் போன்றாரிடம் மட்டும் ஜலதோஷம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

வைட்டமின் சி நம் உடலுக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது 65 முதல் 80 மில்லிகிராம் வரையே. நூறு கிராம் கொய்யாப் பழத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் உள்ளது. நெல்லிக்கனியும் அதற்குக் குறைந்ததன்று. முருங்கைக் கீரையிலும் மிகுதியாக உண்டு. நெடுநேரம் வேகவைத்தால் அழிந்துவிடும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ளல் வேண்டும். வேண்டிய அளவுக்கு மேல் உண்பதில் பெரும்பகுதி சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேற்பட்டால் வயிற்றுப்போக்கு உண்டாகலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்க்கு அது கேடு. நம் உழவர் விளைவிக்கும் கொய்யாவையும் நெல்லியையும் விட்டுவிட்டு, அதே சத்தைப் பன்மடங்கு விலை கொடுத்து மாத்திரையாக வாங்குவது சிக்கனமாகாது.

துத்தநாகமும் வைட்டமின் டி-யும்

துத்தநாக மாத்திரை ஜலதோஷம் வராமல் தடுப்பதாகத் தெரியவில்லை. வந்தபின் உண்டால் ஓரிரு நாள் முன்னதாக நீங்கக்கூடும் என்று சில சோதனைகள் காட்டின. எனினும் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. குமட்டலும் வாயில் கெட்ட சுவையும் உண்டாவது இதன் குறை. நெடுநாள் மிகுதியாக உண்டால் உடலில் தாமிரச் சத்துக் குன்றும். மூக்கில் இடும் துத்தநாக மருந்தால் முகரும் ஆற்றலைச் சிலர் இழந்ததால், 2009-இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அதற்கு எதிராக எச்சரிக்கை விடுத்தது.

ஆனால் இதே துத்தநாகம் குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் உயிர் காக்கும் துணையாகும். உப்புச் சர்க்கரைக் கரைசலாகிய ஓ.ஆர்.எஸ். உடன் இதனை 10 முதல் 14 நாள் வரை கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் நிறுவனமும் 2004-இல் அறிவுறுத்தின. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதனைப் பெறலாம். ஒரு பொருள் ஓரிடத்தில் மருந்தாகவும் வேறோரிடத்தில் வீண் செலவாகவும் இருக்கும் என்பதற்கு இதுவே சான்று.

வைட்டமின் டி-யைப் பற்றி, கொரோனா காலத்தில் இங்கிலாந்திலும் நார்வேயிலும் பெரிய சோதனைகள் நடந்தன. நார்வேயில் 34,000-க்கு மேற்பட்டோர் பங்கு கொண்டனர்; பாதிப்பேர் வைட்டமின் டி அடங்கிய மீன் எண்ணெய் அருந்தினர். 2022-இல் வெளியான இரு முடிவுகளும், அதனால் கொரோனாவோ பிற சுவாச நோய்களோ குறையவில்லை என்றே கூறின. எலும்பு வலுவிற்காக டாக்டர் எழுதித் தந்தால் உண்பது வேறு. தடுப்பு மருந்தென்று தாமே வாங்கி உண்பது வேறு.

குடிநீரும் கஷாயமும்

நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் சித்த மருத்துவத்தில் வழிவழி வந்தவை. முன்னது நிலவேம்பு, வெட்டிவேர், சந்தனம், சுக்கு, மிளகு முதலிய ஒன்பது சரக்குகளும், பின்னது பதினைந்து சரக்குகளும் கொண்டவை. டெங்கு பரவிய ஆண்டுகளிலும் 2020-இலும் இவை தமிழகத்தில் பெருமளவு வழங்கப்பட்டன. நிலவேம்பு ஜலதோஷத்தின் தொல்லைகளைச் சற்றுத் தணிக்கலாம் என்பதற்குச் சில சோதனைகள் உள்ளன. ஆயின் இக்குடிநீரை அருந்தியவர்க்கு டெங்குவோ கொரோனாவோ வராது என்பது, முற்கூறிய முறையில் பெருந்தொகையானோரிடம் சோதித்து மெய்ப்பிக்கப்படவில்லை. கர்ப்பிணிகளும், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து உண்போரும் வைத்தியரைக் கேளாமல் இவற்றை அருந்தலாகாது.

மஞ்சள் கலந்த பாலும் மிளகு ரசமும் தொண்டைக்கு இதமளிப்பன. வீட்டு அளவில் உண்பதால் தீங்கில்லை. ஆனால் மஞ்சளின் சாரத்தை மிளகுச் சத்தோடு செறிவாக்கி விற்கும் மாத்திரைகளால் கல்லீரல் பழுதுற்றவர்கள் உண்டு. சமையலறை மஞ்சளுக்கும் அம்மாத்திரைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிந்திருத்தல் நலம்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்பைச் சிறிது நேரம் இளக்கும், வைரஸைக் கொல்லாது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகும் விபத்துகள் பல. ஆகவே குழந்தைகளுக்கு இது வேண்டா.

தீங்கு செய்யும் பழக்கங்கள்

இதுவரை கூறியவற்றில் பெரும்பாலானவை பணத்தை மட்டும் கொண்டு செல்வன. இனிக் கூறுவன உயிருக்கே ஊறு செய்யக்கூடியவை.

முதலாவது, சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைத் தாமே கேட்டு வாங்குவது. அவை பாக்டீரியாவை அழிப்பவை. வைரஸை ஒன்றும் செய்யா. வேண்டாத வேளையில் உண்டால், உடலிலுள்ள பாக்டீரியாக்கள் அம்மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிக்கொள்ளும். பின்னர் நிமோனியா போன்ற கொடிய நோய் வரும்போது அம்மருந்து பயன்படாது போகும்.

இரண்டாவது, காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், இபுப்ரூஃபன் போன்ற மாத்திரைகளை உண்பது. அக்காய்ச்சல் டெங்குவாக இருக்குமாயின், அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். பாரசிட்டமாலே ஏற்றது. அதுவும் வளர்ந்தவர்க்கு 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமுக்கு மேற்படலாகாது. சளி மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமால் முன்பே கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்து உண்போர் தம்மை அறியாமலே அளவை மீறி, கல்லீரலைக் கெடுத்துக்கொள்கின்றனர். அட்டையின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படித்த பின்னரே உண்ண வேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றினும் கொடியது, காலதாமதம். டெங்குக் காய்ச்சலில் அபாயம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே தோன்றுகிறது. அது மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் நிகழ்வது. கஷாயத்தால் காய்ச்சல் விட்டது என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் அதே நேரத்தில் நோயாளியின் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கியிருக்கலாம். கடும் வயிற்றுவலி, நில்லாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு, கை கால் சில்லிடல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அக்கணமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அவ்வாறே மூச்சுத் திணறலோ, மூன்று நாளாக விடாத காய்ச்சலோ இருந்தாலும் வீட்டு மருந்தோடு நின்றுவிடலாகாது.

மெய்யாகவே தடுப்பவை

வைரஸ் நோயைத் தடுப்பதில் தடுப்பூசிக்கு ஈடானது வேறில்லை. பெரியம்மை உலகினின்று ஒழிந்ததென்று 1980-இல் அறிவிக்கப்பட்டது தடுப்பூசியின் பயனே. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் வந்த கடைசி இளம்பிள்ளைவாதம் 2011 ஜனவரியில் கண்டது. 2014 மார்ச்சில் நம் நாடு இந்நோயற்ற நாடெனச் சான்று பெற்றது. தட்டம்மை, மஞ்சட்காமாலை பி ஆகியவற்றுக்கான ஊசிகள் அரசு நிலையங்களில் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்படுகின்றன. இன்ஃப்ளூயன்சா வைரஸ் அடிக்கடி உருமாறுவதால் அதற்கான ஊசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். முதியோரும் கர்ப்பிணிகளும் ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளோரும் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது நன்று.

அடுத்தது சோப்பிட்டுக் கை கழுவுதல். அதற்கடுத்தது காற்றோட்டம். தறிக் கூடத்தின் சாளரங்களை மழைக்கஞ்சி அடைத்துவிட்டால், ஒருவர் இருமல் அனைவர்க்கும் பரவும். இருமுபவர் முகக்கவசம் அணிந்து, இயன்றால் இரண்டு நாள் ஓய்வு கொள்ளுதல் வேண்டும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. குழித்தறியில் கால்களை உள்ளே இட்டு நாள் முழுதும் அமர்ந்திருக்கும் நெசவாளர்க்கு இது தனி அபாயமாகும். சாயமிடவும் கஞ்சி போடவும் சேமித்து வைக்கும் நன்னீரிலேயே அக்கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏறக்குறைய எட்டுப் பத்து நாட்கள் ஆவதால், வாரம் ஒரு முறை தொட்டியைக் கவிழ்த்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி மூடி வைத்தால் கொசு பிறக்க வழியில்லை. முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு நீரின்றியும் பல மாதம் கிடக்கும். ஆதலால் தேய்ப்பது முக்கியம்.

சங்கத்தின் பங்கு

தனி மனிதர் ஒருவர் தம் தொட்டியை மட்டும் கழுவினால் பயன் சிறிதே. தெருவே கழுவினால்தான் கொசு ஒழியும். கூட்டுறவின் தத்துவம் இதுவேயன்றோ? மழைக்கு முன்னரே ஒரு நாளைக் குறித்து, அங்கத்தினர் யாவரும் தொட்டிகளைத் துப்புரவு செய்யச் சங்கங்கள் ஏற்பாடு செய்யலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகித் தடுப்பூசி முகாம் நடத்தலாம். பாரசிட்டமாலையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் கூட்டுறவு மருந்தகங்களில் குறைந்த விலையில் வாங்குமாறு அறிவுறுத்தலாம். அபாயக் குறிகளைத் தறிக் கூடத்தின் சுவரில் எழுதி வைக்கலாம்.

துணியை வாங்குமுன் இழையை எண்ணிப் பார்ப்பவர்கள் நாம். விதையை வாங்குமுன் முளைப்புத் திறனைச் சோதிப்பவர்கள் நாம். உடலுக்குள் செல்லும் மருந்தையும் அதே கண்ணோடு சோதித்து வாங்குவோமாயின், பணமும் எஞ்சும்; உயிரும் காக்கப்படும்.