பரிமளத் தைலங்களுக்கு அடிமணம் தரும் வெட்டிவேரும் சங்கின் நகமும்

வாசனைத் திரவியம் என்றவுடன் மல்லிகை, ரோஜா முதலிய மலர்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் மலரின் மணம் மட்டும் கொண்டு செய்த தைலம் நீடித்து நிற்பதில்லை. காலையில் பூசியது மாலைக்குள் மறைந்துபோகும். அதைப் பிடித்து நிறுத்துவதற்கு மரத்தையும் மண்ணையும் பதனிட்ட தோலையும் நினைவூட்டும் கனத்த மணப்பொருள் ஒன்று அடியில் இருத்தல் வேண்டும். பரிமளத் தொழிலில் இதனை அடிமணம் என்று சொல்லலாம். இவ்வடிமணத்திற்கு உரிய இரண்டு சரக்குகள் நம் தூத்துக்குடிக் கரைக்குப் பொருந்தியவை. ஒன்று மணற்பாங்கான நிலத்தில் விளையும் வெட்டிவேர்; மற்றொன்று கடலில் கிடைக்கும் சங்கின் நகம். இவ்விரண்டின் தன்மையையும், இவற்றில் விவசாயிக்கு லாபமும் நஷ்டமும் எங்கே உண்டாகின்றன என்பதையும் இங்கே விளக்குவோம்.

அடிமணம் என்பது யாது?

ஒரு வாசனைக் கலவையில் மூன்று படிகள் உண்டு. எலுமிச்சை, நாரத்தை போன்றவற்றின் தோலிலிருந்து வரும் மணம் முதலில் எழுந்து சில நிமிஷங்களில் மறையும். மலர்களின் மணம் அதன் பின் எழுந்து சில மணி நேரம் நிற்கும். வேர், கட்டை, பிசின் முதலியவற்றின் மணம் கடைசியில் வெளிப்பட்டு நாட்கணக்கில் நிற்கும்.

இதற்குக் காரணம் பொருள்களின் கனமே. எலுமிச்சைத் தோலிலுள்ள லிமோனீன் என்ற பொருளின் மூலக்கூறில் 10 கார்பன் அணுக்கள் உள்ளன. அது விரைவில் ஆவியாகும். வெட்டிவேர்த் தைலத்திலுள்ள குசிமால், வெட்டிவோன் முதலிய பொருள்களில் 15 கார்பன் அணுக்கள் உள்ளன. அவை மெல்ல மெல்லவே ஆவியாகும். மேலும், கனத்த பொருளுடன் கலந்திருக்கும் இலேசான பொருளும் தனித்திருக்கும்போது பறப்பதைப் போல் விரைந்து பறப்பதில்லை. ஆகையால் அடிமணம் தானும் நின்று, மலரின் மணத்தையும் நிறுத்துகிறது. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் மணமாயினும் இவ்விதிக்கு விலக்கன்று.

தோல் மணம் வந்த வழி

பரிமளத்தில் தோலின் மணம் எதற்கு என்று சிலர் வியப்புறலாம். பிரான்சு தேசத்திலுள்ள கிராஸ் என்னும் ஊர் முதலில் தோல் பதனிடும் ஊராகவே இருந்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் தோற்கையுறைகளின் துர்நாற்றத்தை மறைக்க அவற்றுக்கு வாசனை ஏற்றினர். அவ்வழக்கமே வளர்ந்து, அவ்வூரை வாசனைத் தொழிலுக்குத் தலைநகராக்கியது. ருஷ்ய தேசத்தில் பூர்ச்ச மரப்பட்டையைச் சுட்டு வடித்த தாரெண்ணெயைத் தோலுக்கு ஏற்றினர். இன்று தோல் மணம் என்று தொழிலாளர் சொல்வது பெரும்பாலும் இத்தகைய தார்ப்புகையின் மணமேயாகும்.

நம் நாட்டில் இதற்கு ஈடாக விளங்குவது நகம். சங்கு முதலிய கடல் நத்தைகள் தம் உடலை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு வாயை அடைப்பதற்குக் கொம்பு போன்ற ஒரு தகட்டை உடையன. இத்தகட்டையே வாசனை வியாபாரிகள் நகம் என்பர். வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையில் கந்தயுக்தி என்னும் வாசனைப் பகுதியிலும் நகம் சேர்க்கப்பட்டுள்ளது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசி நகரத்தார் இதனைச் சுட்டு வடிக்கும் தைலத்துக்குச் சோயா நக் என்று பெயர். சோயா மொச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதனை வடிக்கும் முறை நம் சித்த வைத்தியர் குழித்தைலம் இறக்கும் முறையை ஒத்ததே. நகத்தைக் கழுவி, ஒட்டியுள்ள தசையை நீக்கி, நன்கு உலர்த்தி நொறுக்க வேண்டும். அடியில் துளையிட்ட பானையில் அதனை இட்டு வாயை மூடி, குழிக்குள் புதைத்த வேறொரு பானையின்மேல் பொருத்திச் சீலைமண் பூசி, மேற்பானையைச் சுற்றி வராட்டி அடுக்கி எரிக்க வேண்டும். கரிய தார் துளிதுளியாகக் கீழே இறங்கும். புகை, தோல், கடல் ஆகிய மூன்றின் மணமும் அதில் சேர்ந்திருக்கும்.

நகத்தில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, இத்தார் மிக உக்கிரமானது. நூற்றுக்கு ஒரு பங்காகக் கரைத்து, அக்கரைசலையும் துளிக்கணக்கில் சேர்ப்பதே முறை. சற்று மிகுந்தால் கலவை முழுவதும் புகை நாற்றமாகிவிடும்.

இரண்டாவது, சுட்டு வடித்த கச்சாத் தார்களில் உடலுக்குத் தீங்கான, புற்றுநோய் விளைவிக்கவல்ல பொருள்கள் கலந்திருக்கக்கூடும். பூர்ச்சத் தார் போன்றவற்றைச் சுத்தி செய்யாமல் உடலில் பூசும் வாசனைகளில் சேர்க்கலாகாது என்று சர்வதேச வாசனைப்பொருள் சங்கம் விதித்திருக்கிறது. நகத்தாருக்கும் அவ்வெச்சரிக்கையைக் கைக்கொள்வதே நலம். கச்சாத் தாரை உடலில் பூசும் எதிலும் சேர்த்தல் கூடாது.

மூன்றாவது, நகத்தை நாம் விதைத்து அறுப்பதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சில சங்கு, சிப்பி வகைகள் 2001ஆம் ஆண்டு முதல் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகையால் அனுமதி பெற்ற சங்கு வியாபாரிகளிடம் கழிவாக மிஞ்சும் நகத்தையன்றி வேறெதையும் வாங்கலாகாது. நம் கரையில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கடல் தரும் பொருளை நம்பி நிலையான தொழில் அமைப்பது அரிது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை. நாமே நட்டு வளர்க்கக்கூடிய அடிமணம் வெட்டிவேர் ஒன்றே.

வெட்டிவேருக்கு ஏற்ற நிலம்

கடலூர் ஜில்லாவின் கடற்கரை மணலில் வெட்டிவேர் பல காலமாகப் பயிராகி வருகிறது. நம் ஜில்லாவில் திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களில் தேரி ஓரத்து மணற்சாரி நிலங்களில், கிணற்று நீர் உள்ள இடங்களில் இதனைச் செய்யலாம். இப்புல் சிறிது உப்பையும் தாங்கும். ஆனால் மழையை மட்டும் நம்பித் தேரி மேட்டில் நடுவது தகாது. களிமண்ணிலும் வேர் இறங்குமாயினும், தோண்டும்போது வேர் அறுபட்டுப் பாதி மண்ணிலேயே தங்கிவிடும், கூலியும் அதிகமாகும்.

லக்னௌவிலுள்ள மத்திய மருந்து வாசனைப் பயிர் நிலையத்தார் கேசரி, குலாபி, தாரிணி முதலிய ரகங்களை வெளியிட்டிருக்கின்றனர். விதைக்காத தென்னாட்டு வகைகளைத் தூர் பிரித்தே நட வேண்டும். மட்டையை ஒரு சாண் அளவுக்கு நறுக்கிய தூர்களை வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 30 முதல் 45 செ.மீ. இடைவெளியில் நடுக. பாசன வசதி குறைந்த இடங்களில் ஐப்பசி மழைத் தொடக்கமே நடுவதற்கு உகந்த காலம்.

தோண்டும் பருவம்

விவசாயிகள் பெரிதும் நஷ்டமடைவது இவ்விடத்திலேதான். பணமுடை காரணமாகப் பத்தாம் மாதத்திலேயே வேரைத் தோண்டி விற்பவர் உண்டு. இளவேரில் தைலம் குறைவு. இருக்கும் தைலத்திலும் கனத்த பொருள்கள் முற்றி அமைவதில்லை. அதாவது வாங்குபவர் எதற்காக விலை கொடுக்கிறாரோ அந்த அடிமணமே அதில் குறைந்திருக்கும். 15 முதல் 18 மாதம் வரை வேரை முற்றவிட வேண்டும். ஐப்பசியில் நட்ட பயிரை மறு வருஷத்துத் தை முதல் பங்குனி வரை தோண்டலாம். மண் உலர்ந்திருக்கும் அக்காலம் தோண்டுவதற்கு எளிது. ஆடிக்காற்று எழுமுன் நிலத்தை மூடிவிடவும் அவகாசம் கிடைக்கும். இளக்கிய மணலை மேல்காற்று வாரிக்கொண்டு போவதை நம் பக்கத்தார் அறிவர். ஆகவே தோண்டிய பகுதியில் உடனே மறு நடவு செய்க. வரப்பிலும் ஓடைக்கரையிலும் மண் அரிப்பைத் தடுக்க நட்ட வெட்டிவேரை ஒருபோதும் தோண்டலாகாது.

தோண்டிய வேரைத் தண்ணீரில் அலசி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்துக. கடும் வெயிலில் பல நாள் காயவிட்டால் தைலம் குறையும்.

வாலையில் வடித்தல்

காய்ந்த வேர் நூறு கிலோவில் ஏறக்குறைய ஒரு கிலோ தைலமே கிடைக்கும். ரகத்தையும் வயதையும் பொறுத்து இது கூடும், குறையும். வேரைச் சிறு துண்டுகளாக நறுக்கி இரவு முழுவதும் ஊறவைத்து வாலையில் இடுவது வழக்கம். நீராவியால் வடிக்க 16 முதல் 24 மணி நேரம் அல்லது அதற்கு மேலும் செல்லும். விறகுச் செலவுக்கு அஞ்சி ஆறு, எட்டு மணியில் நிறுத்துவோர், முன்னே வரும் இலேசான தைலத்தை மட்டும் பெற்று, பின்னே வரும் கனத்த தைலத்தை வேரோடு எறிந்துவிடுகின்றனர். இளவேரைத் தோண்டுவதும் வாலையை அவசரமாக நிறுத்துவதும் ஒரே தவற்றின் இரு வடிவங்களே.

இத்தைலத்தின் கனம் தண்ணீரின் கனத்துக்கு மிக அருகிலிருப்பதால் இரண்டும் எளிதில் பிரிவதில்லை. பின்னே வரும் பகுதி தண்ணீரில் அமிழ்வதும் உண்டு. வடிநீரைக் கொட்டிவிடாமல் மீண்டும் வாலையில் சேர்க்க வேண்டும்.

நேரடித் தீயில் வைக்கும் வாலையில் வேர் அடியில் பட்டுக் கருகினால் தைலத்தில் புகை நாற்றம் ஏறும். நகத்தாரில் விரும்பப்படும் அதே மணம் இங்கே குற்றமாகும், விலையும் குறையும். துளைத் தட்டின்மேல் வேரைப் பரப்பி இதனைத் தவிர்க்கலாம். புதிதாக வடித்த தைலத்தில் உருளைக்கிழங்குத் தோல் போன்ற பச்சை நெடி இருக்கும். நிறக் கண்ணாடிப் புட்டியில் சில மாதம் வைத்திருந்தால் அது தணியும்.

தரத்தை அறியும் எளிய சோதனை

வடிதாளை மெல்லிய பட்டைகளாக நறுக்குக. நம்பிக்கையான மாதிரித் தைலம் ஒன்றையும் சோதிக்க வேண்டிய தைலத்தையும் தனித்தனிப் பட்டைகளில் ஒவ்வொரு துளி இட்டு, உடனேயும், ஒரு மணி கழித்தும், மறுநாளும், மூன்றாம் நாளும் முகர்ந்து பார்க்க வேண்டும். மூன்றாம் நாளிலும் மரமும் மண்ணும் கலந்த மணம் தெளிவாக நின்றால் அடிமணம் முழுமையாக உள்ளது. மறுநாளே மணம் மங்கினால் இளவேர், குறை வடிப்பு, கலப்படம் ஆகியவற்றில் ஒன்று உண்டு. மாதிரியின் கறை மறைந்த பின்னும் எண்ணெய்க் கறை நீங்காதிருந்தால் ஆமணக்கெண்ணெய் போன்றது கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு.

கலவை செய்ய விரும்புவோர் வெட்டிவேர்த் தைலத்தை நூற்றுக்குப் பத்தாகக் கரைத்து, அதை முதலில் அடியாக அமைத்து, மலர்மணத்தை அதன்மேல் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எடையைக் குறித்துக்கொள்வது முறை. கரைப்பதற்கு வேண்டிய மதுசாரத்தை அனுமதியின்றி வைத்திருத்தல் கூடாது.

விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் செய்ய வேண்டியவை

வெட்டிவேர் ஒன்றரை வருஷம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் பயிர். ஆதலால் கையிருப்புள்ள நிலம் முழுவதிலும் நடாமல், முதலில் கால் ஏக்கரில் நட்டு, வாங்குபவரை உறுதி செய்துகொண்ட பின் விரிப்பதே விவேகம். தனியொருவர் வாலை வைப்பது கட்டுபடியாகாது. ஒரு கிராமத்தார் பலர் கூடி ஒரு வாலையை வைத்துக்கொள்ளலாம். கிராம நிர்வாக அலுவலர்கள் இப்பயிரை அடங்கலில் புல் என்றோ தரிசு என்றோ எழுதாமல் வெட்டிவேர் என்றே பதிவு செய்ய வேண்டும். பதிவு தவறினால் கடனுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் விவசாயி ஆதாரம் காட்ட இயலாது.

மத்திய அரசின் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் 2017இல் தொடங்கிய அரோமா மிஷன் திட்டத்தில் வெட்டிவேரும் ஒன்று. நடவுத் தூர், வாலை அமைப்பு, தைலச் சோதனை ஆகியவை பற்றி மேலும் அறிய விரும்புவோர் தத்தம் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில், நடவுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நலம்.