கூடுதல் விலை கொடுக்கலாமா?



மைக்ரோவேவ் அடுப்பு வாங்கக் கடைக்குச் சென்றால், "சோலோவா, கன்வெக்ஷனா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கன்வெக்ஷனின் விலை பெரும்பாலும் சோலோவைப் போல் இரு மடங்கை ஒட்டியிருக்கும். இக்கூடுதல் தொகை நம் இல்லத்திற்குப் பயன் தருமா? வாங்குமுன் சற்றே சிந்திப்போம்.

சோலோ அடுப்பினுள் சூடேறும் கம்பி இல்லை. அதில் எழும் நுண்ணலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடாக்குகின்றன. ஆகவே உணவின் சூடு நீரின் கொதிநிலையான 100 டிகிரியை ஒட்டியே பெரும்பாலும் நின்றுவிடும். கேக்கும் ரொட்டியும் பொன்னிறமாகச் சிவக்க வேண்டுமாயின், அவற்றின் மேற்புறம் 140 டிகிரி அளவுக்கேனும் உலர் வெப்பம் பெற வேண்டும். சோலோவில் சூடாக்கிய சமோசா நமத்துப்போவதற்குக் காரணம் இதுவே. கன்வெக்ஷனிலோ கம்பியும் காற்றாடியும் உண்டு. 200 டிகிரி அளவிலான வெப்பக் காற்று உள்ளே சுழன்று உணவைச் சிவக்க வைக்கிறது.

இனி உங்கள் சமையலறையை எண்ணிப் பாருங்கள். இடியாப்பமும் வட்டலப்பமும் ஆவியில் வேகின்றன. சமோசாவும் கட்லெட்டும் எண்ணெயில் பொரிகின்றன. எண்ணெயில் பொரிப்பதை எந்த மைக்ரோவேவிலும் செய்யலாகாது. சஹர் நேரத்தில் சோற்றையும் ஆணத்தையும் சூடாக்கச் சோலோவே போதும். கேக், பிஸ்கட், ரொட்டி, முழுக்கோழி ஆகியவற்றுக்கே கன்வெக்ஷன் தேவைப்படுகிறது.

ஆகவே, அவற்றை எத்தனை முறை செய்வீர்கள் என்பதே கேள்வி. கூடுதல் தொகை 6,000 ரூபாய் என்று கொள்வோம். வாரம் ஒருமுறை செய்தால் ஐந்தாண்டுகளில் 260 முறையாகும். ஒரு முறைக்கு 23 ரூபாய்தான். பெருநாளுக்கும் விருந்துக்குமாக ஆண்டில் மூன்று முறை மட்டுமே செய்தால், ஒரு முறைக்கு 400 ரூபாய்! அதற்குக் கடையில் கேக்கே வாங்கிவிடலாம்.

மின்சாரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 1,200 வாட் இழுக்கும் சோலோ ஐந்து நிமிடம் ஓடினால் யூனிட்டில் பத்திலொரு பங்குதான் செலவாகும். 2,000 வாட் இழுக்கும் கன்வெக்ஷன் அரைமணி நேரம் இடைவிடாது ஓடினால் ஒரு யூனிட் ஆகிவிடும்.

மூன்றாவது வழியும் உண்டு. சோலோவுடன் ஓ.டி.ஜி. எனும் சிறிய மின் அடுப்பைத் தனியே வாங்கினால், பல வேளைகளில் செலவு கன்வெக்ஷனின் விலையைத் தாண்டாது. ஒன்றில் கேக் வேகும்போதே மற்றொன்றில் பால் காய்ச்சலாம். இரண்டையும் வைக்க இடமில்லாத வீட்டுக்குக் கன்வெக்ஷனே ஏற்றது.

வீட்டிலேயே கேக் செய்து விற்கும் சகோதரிக்கு அக்கூடுதல் தொகை முதலீடு. அண்டை வீட்டில் இருக்கிறதே என்று வாங்குபவருக்கு அது வீண்செலவு. கடல் கடந்து உழைப்பவர் அனுப்பும் பணம் எளிதில் வந்ததன்று. ஒரு மாதம் பொறுத்திருங்கள். கேக்கோ ரொட்டியோ செய்ய விரும்பிய நாட்களையெல்லாம் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எந்த அடுப்பு வேண்டும் என்பதை அந்த நாட்காட்டியே சொல்லிவிடும்.